அடிக்காத கணவரை அடித்தார் என்று எழுதலாமா?

கேள்வி: கோயிலில் கல்யாணமாகி ஒன்பது வருடம். நான்கு வருடமாக நான் மதுரையில் அம்மா வீட்டில், அவர் கோவையில். குழந்தை இல்லை. அவர் கெட்டவர் இல்லை, எங்களுக்கு ஒத்துவரவில்லை. இருவரும் சேர்ந்து கேட்கும் மியூச்சுவல் விவாகரத்துக்கு வரமாட்டேன் என்கிறார். வக்கீல் தயாரித்த மனுவில் ‘குடித்துவிட்டு அடித்தார்’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். கூண்டில் ஏறி எந்தத் தேதியில் அடித்தார், யார் பார்த்தார்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஆதாரமில்லாத பழியை மனுவில் எழுதுவதே மனரீதியான கொடுமை என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது, அதை வைத்து அவரே உங்கள்மேல் திருப்பலாம்.

உங்கள் வக்கீலை மட்டும் குறை சொல்லமாட்டேன். இந்து திருமணச் சட்டத்தின் 13வது பிரிவில் விவாகரத்து கேட்க, பெரும்பாலும் யாராவது ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டும். இரண்டு வருடம் கைவிட்டதைக் காரணமாகச் சொல்லலாம், ஆனால் வீட்டை விட்டு வந்தது நீங்கள், அதனால் அது அவருக்குத்தான் உதவும். 1976இல் வந்த பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு (நீங்கள் சொல்லும் மியூச்சுவல்) இரண்டு பேரும் வேண்டும். ‘சேரவே முடியாத அளவுக்கு முறிந்துவிட்டது’ என்பதையே காரணமாக்குங்கள் என்று சட்ட ஆணையம் 1978இலும் 2009இலும் சொன்னது. மூன்று வருடம் பிரிந்திருந்தால் போதும் என்ற மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவை கலைந்ததும் காலாவதியானது. நடுத்தெருவில் நிற்கவேண்டி வரும் மனைவி விவாகரத்தை எதிர்க்கவும் அதில் வழி இருந்தது, அப்படியும் கிடப்பில் போட்டார்களே என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான். 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அரசியல் சாசனத்தின் 142வது பிரிவின்கீழ் முறிந்த திருமணத்தைத் தானே கலைக்கலாம் என்றது, ஆனால் அது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும், நேராக அங்கே போய் மனுப்போடவும் முடியாது.

சரி, என்ன செய்யலாம்? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மாசக்கணக்கில் பேசாமல் இருந்தது, நீங்கள் கிளம்பிய நாள், அதற்கப்புறம் அவர் கூப்பிட்டாரா இல்லையா, எல்லாம். அடி விழாமலும் கொடுமை உண்டு. நான்கு வருடம் சேர்ந்து, 25 வருடம் பிரிந்திருந்த ஒரு தம்பதியின் வழக்கில், அந்த நிலைமையே இருவருக்கும் கொடுமை என்று 2023இல் தீர்ப்பு வந்தது. உங்கள் நான்கு வருடத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்.

அதற்கு முன்னால் சமரச மையத்தில் அவரை உட்காரவைத்துக் கேளுங்கள், ஏன் வரமாட்டேன் என்கிறார்? ஜீவனாம்ச பயமா, அவர் அம்மாவின் பிடிவாதமா? அவர் சம்மதித்தால் ஆறு மாதக் காத்திருப்பைக்கூட நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம், 2017இலிருந்து அதற்கு வழி இருக்கிறது.

அந்த வரியை எடுக்கமாட்டேன் என்று வக்கீல் சொன்னால் வழக்குக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.