மகளுக்குப் புதிய ரைஃபிள் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஓராண்டாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் பயிற்சி பெறுகிறாள். பயிற்சி மையத்தின் பொது ரைஃபிளால்தான் சுடுகிறாள். 60 குண்டுகளுக்கு 570 புள்ளியைத் தாண்ட முடியவில்லை. இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள இறக்குமதி ரைஃபிள் வாங்கினால்தான் முன்னேற்றம் வரும் என்று மற்ற பெற்றோர் சொல்கிறார்கள். குறை துப்பாக்கியிலா, கையிலா?
— ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: இதற்குக் கணக்குப் போட்டே விடை காணலாம். இந்தப் பிரிவில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே கொண்டது. குண்டின் விட்டம் 4.5 மி.மீ. குண்டின் நடு, மையத்திலிருந்து கால் மி.மீட்டருக்குள் பாய்ந்தால் 10.9 புள்ளி. அதற்கு மேல் விலகும் ஒவ்வொரு கால் மி.மீட்டருக்கும் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு குறையும். 570 என்றால் குண்டுக்குச் சராசரி 9.5, அதாவது உங்கள் மகளின் குண்டுகள் மையத்திலிருந்து ஏறத்தாழ 3.75 மி.மீ. தள்ளி விழுகின்றன.

நன்கு பராமரித்த போட்டி ரைஃபிளை அசையாதபடி இறுக்கிப் பொருத்தி, அதற்கு ஒத்துவரும் குண்டுகளைப் போட்டுச் சுட்டால், பத்துக் குண்டும் ஏறக்குறைய ஒரே துளையில் இறங்கும். அதன் சொந்தப் பிழை சராசரியாக அரை மி.மீ. என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். துப்பாக்கியின் பிழையும் கையின் பிழையும் ஒன்றையொன்று சாராதவை என்பதால், அவற்றை நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். அப்படிப் பார்த்தால், துளியும் பிழையில்லாத ஒரு ரைஃபிளை உங்கள் மகளிடம் கொடுத்தாலும் 60 குண்டுகளுக்கும் சேர்த்து ஒரு புள்ளி கூடுவதே கடினம். பொது ரைஃபிள் சுமாரானது, அதன் பிழை ஒரு மி.மீ. என்று கொண்டாலும், கிடைக்கும் லாபம் மூன்று புள்ளிக்குச் சற்று மேல்தான்.

ஆனால் 630 எடுக்கும் ஒருவருக்கு இதே கணக்கு வேறு விதமாக முடியும். அவருடைய சராசரி விலக்கமே 1.25 மி.மீ.தான், அதில் துப்பாக்கியின் அரை மி.மீ. போனால் மொத்தத்தில் இரண்டரைப் புள்ளி கூடும். இறுதிச் சுற்றுக்குள் நுழைவதையோ வெளியே நிற்பதையோ முடிவு செய்ய அது போதும். முதல்நிலை வீரர்கள் தங்கள் ரைஃபிளுக்கு எந்தத் தொகுதிக் குண்டு ஒத்துவருகிறது என்று பல டப்பாக்களைச் சோதித்துப் பார்ப்பது வீண் பகட்டு அன்று.

கருவி முற்றாகக் கைவிடுவதும் உண்டு. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதிலேயே பல நிமிடங்கள் கரைந்தன; அவர் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் அவரே இரண்டு வெண்கலம் வென்றார். பழுது வேறு, துல்லியக் குறைவு வேறு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் ஐயத்தை ஒரே மாலையில் தீர்த்துக்கொள்ளலாம். மையத்தில் நன்றாகச் சுடும் மூத்த மாணவர் ஒருவரிடம் அதே ரைஃபிளையும் அதே குண்டுகளையும் கொடுத்துப் பத்து முறை சுடச் சொல்லுங்கள். துளைகள் நெருங்கி விழுந்தால் ரைஃபிள் குற்றமற்றது. அப்படி நெருங்கிய துளைகள் இடக்கீழ் மூலை போன்ற ஓரிடத்திலேயே கூடினால், அது பார்வைக்கருவியின் திருகைச் சில சொடுக்குகள் திருப்பித் தீர்க்கவேண்டிய விஷயம். பலர் அதையும் துப்பாக்கியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவர் சுட்டும் துளைகள் சிதறினால், முதலில் குண்டின் வகையை மாற்றிப் பாருங்கள். 500 குண்டுள்ள டப்பாவின் விலை, ரைஃபிளின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

சொந்த ரைஃபிளால் ஒரு நன்மை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது துல்லியத்தைச் சேர்ந்ததன்று. பொது ரைஃபிளின் கன்னக்கட்டையையும் தோள்தட்டையும் நாள்தோறும் யாரோ ஒருவர் தம் உடலுக்கேற்ப நகர்த்திவிட்டுப் போவார். உங்கள் மகள் ஒவ்வொரு நாளும் புதிய நிலையில் நிற்க நேரும். அந்த அளவுகளை ஒரு நோட்டில் குறித்துவைத்து, சுடத் தொடங்குமுன் அவற்றுக்குத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். செலவு செய்தே ஆகவேண்டுமென்றால், முதலில் அவள் உடலளவுக்குத் தைத்த சுடுதல் ஜாக்கெட்டும் கால்சட்டையும் வாங்குங்கள். வளரும் வயது என்பதால், இடுப்பிலும் கை நீளத்திலும் பிரித்துத் தைக்கத் துணி விடச் சொல்லுங்கள்.