கேளுங்க, சொல்றேன்: ஹார்வர்ட்ல ஓசியில லெக்சர் கேட்கலாமா?

கேள்வி (தென்காசி வாசகி): பொண்ணு வேலைக்காக பாஸ்டன் போயிருக்கா. வாரத்துல ஒருநாளாவது "ஹார்வர்ட்ல லெக்சர் கேட்கப் போறேம்மா"ங்கறா. அங்க அவ படிக்கல, ஃபீஸும் கட்டல. வெளியாளை எல்லாம் உள்ள விடுவாங்களா? எங்க வீட்டுக்காரர் வேற, அவ எங்கயோ ஊர் சுத்திட்டு நமக்குக் கதை விடறாங்கறார்.

பதில்: சாரைக் கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லுங்கம்மா. தாராளமா விடுவாங்க. பாஸ்டன்ல ரெட் லைன் ட்ரெயின் பிடிச்சா ஆத்துக்கு அந்தப்பக்கம் கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட் ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா கேம்பஸ் வந்துரும். அங்க குயின்சி தெருவுல பார்க்கர் சென்டர்னு ஒரு கட்டிடம், அதுலதான் மஹிந்திரா ஹியூமானிட்டிஸ் சென்டர் இருக்கு. ஆமா, நம்ம ஜீப் ட்ராக்டர் மஹிந்திராவேதான், ஆனந்த் மஹிந்திரா அங்க படிச்சவர், 2010ல அவங்க அம்மா இந்திரா மஹிந்திராவைக் கௌரவிக்கற மாதிரி 1 கோடி டாலர் குடுத்தார், ஏற்கெனவே இருந்த சென்டருக்கு அப்புறம்தான் இந்தப் பேர் வந்துச்சு. இலக்கியம், தத்துவம், வரலாறு, இசை, சினிமான்னு அங்க நடக்கற பொதுச் சொற்பொழிவு முக்கால்வாசிக்கு யார் வேணா போகலாம், காசு கிடையாது. பெரிய ஆள் வந்தா மட்டும் டிக்கெட் வாங்கிக்கணும், அதுவும் ஃப்ரீதான், ஆனா சீக்கிரம் தீர்ந்துடும். பொண்ணுகிட்ட "எந்த ஹால்டி?"ன்னு கேளுங்க, "சாண்டர்ஸ் தியேட்டர்"னு சொன்னா சாருக்கும் நிம்மதி. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல செத்துப்போன ஹார்வர்ட் பசங்க நினைவா 1870கள்ல கட்டுன மெமோரியல் ஹாலுக்குள்ள இருக்கற அரங்கம் அது, உள்ள முழுக்க மரவேலைப்பாடு, ஆயிரம் பேர் வரைக்கும் உட்காரலாம்.

கேள்வி (சிவகாசி வாசகர்): இந்த மாதிரி சென்டர்ல சேர்ந்தா என்ன டிகிரி குடுப்பாங்க?

பதில்: டிகிரியும் கிடையாது, அட்மிஷனும் கிடையாது. டிபார்ட்மென்ட் வேற, சென்டர் வேற. இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் வாத்தியாரும் இசை டிபார்ட்மென்ட் வாத்தியாரும் ஒரே ரூம்ல உட்கார்ந்து பேசறதுக்கு ஒரு இடம் வேணும்ல, அதான் அது. வருஷம் பூரா செமினார் நடக்கும், வெளியூர்லேந்து ஆளைக் கூப்பிட்டுப் பேச வெப்பாங்க, படம் போடுவாங்க, கவிதை வாசிப்பாங்க. ரெஸ்யூமேல போட ஒண்ணும் கிடைக்காது தம்பி.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): ஹார்வர்ட்ல "கவிதைப் பேராசிரியர்"னு ஒரு பதவியாம், அதுல இசையமைப்பாளரும் சினிமாக்காரரும் உட்கார்ந்திருக்காங்களாமே? கவிஞருக்குப் பஞ்சமா?

பதில்: பஞ்சமெல்லாம் இல்ல. நார்ட்டன் லெக்சர்ஸைக் கேட்கறீங்கன்னு நினைக்கிறேன். சார்ல்ஸ் எலியட் நார்ட்டன்னு அங்க கலை வரலாறு சொல்லிக்கொடுத்தவர் பேர்ல 1925ல ஆரம்பிச்சது, பணம் போட்டவர் ஸ்டில்மன்னு ஒருத்தர். "கவிதைங்கறதை ரொம்ப அகலமான அர்த்தத்துல எடுத்துக்கலாம், மொழி, இசை, ஓவியம் எதுல வெளிப்பட்டாலும் சரி"ன்னு ஆரம்பத்துலயே கதவைத் தொறந்து விட்டுட்டாங்க, அந்த ஒரு வரிதான் 100 வருஷமா சோறு போடுது. வர்றவர் வழக்கமா ஆறு சொற்பொழிவு குடுக்கணும், பெரும்பாலும் அது ஹார்வர்ட் யூனிவர்சிட்டி பிரஸ் புத்தகமா வந்துரும்.

முதல்ல 1926ல கில்பர்ட் முர்ரே, கிரேக்க இலக்கியத்துல பழம் தின்னு கொட்டை போட்டவர். 1932ல கவிஞர் டி.எஸ். எலியட். 1939ல ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, அதுவும் எப்படி, அந்தப் பக்கம் ஐரோப்பாவுல சண்டை ஆரம்பிச்சிருச்சு, இந்த மனுஷன் கப்பலேறி வந்து அமெரிக்காவுல பிரெஞ்சுல இசையைப் பத்திப் பேசறார், வந்தவர் அப்படியே அந்த நாட்டுலயே தங்கிட்டார். (அந்தப் பேச்சுக்குப் பின்னாடி ரெண்டு நண்பர்களோட கை நிறைய இருக்குன்னு அப்புறம் வெளிய வந்துச்சு, மேடைப் பேச்சை எழுதிக் குடுக்க ஆள் வெக்கிறது நம்ம ஊர் கண்டுபிடிப்புன்னு நினைச்சுக்காதீங்க.) 1952ல அமெரிக்கக் கவிஞர் ஈ.ஈ. கம்மிங்ஸ். அவர் "எனக்கு லெக்சர் எல்லாம் வராது"ன்னு சொல்லி அதுக்கு "லெக்சர் அல்லாதவை"ன்னே பேர் வெச்சு அப்பா அம்மா கதையிலேந்து ஆரம்பிச்சார், ஒவ்வொரு நாளும் கடைசியில கவிதை வாசிச்சு முடிப்பார். இத்தனைக்கும் அவர் பொறந்து வளர்ந்ததே கேம்பஸ் பக்கத்துத் தெருவுல!

1973ல இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டீன். பக்கத்து எம்.ஐ.டி.ல இருந்த சோம்ஸ்கியோட மொழியியலை எடுத்துக்கிட்டு, "வாக்கியத்துக்கு இலக்கணம் இருக்கற மாதிரி இசைக்கும் உள்ளுக்குள்ள ஒரு இலக்கணம் இருக்கா?"ன்னு பியானோவுல வாசிச்சுக் காட்டிக்கிட்டே கேட்டார். மொழியியல்காரங்க எல்லாரும் அதை ஒத்துக்கல. எனக்கு ஒத்துக்கறாங்களா இல்லையாங்கறது முக்கியமாத் தெரியல, தன் துறையை விட்டு வெளிய வந்து ஆயிரம் பேர் முன்னாடி ஒருத்தர் ஒரு யோசனையை சோதிச்சுப் பார்க்கறார்ல, அதுக்கு வேற எங்க மேடை கிடைக்கும்? 2018ல சினிமாவுக்குன்னே ஒதுக்கி ஃபிரெடரிக் வைஸ்மன், ஆக்னஸ் வர்தா, விம் வெண்டர்ஸ் மூணு பேரையும் ஆளுக்கு ரெண்டு பேச்சுன்னு பிரிச்சுக் குடுத்தாங்க. வர்தாவுக்கு அப்ப 89 வயசு.

கேள்வி (கோவை வாசகர்): பேசறதா ஒத்துக்கிட்டவர் கடைசி நேரத்துல வரலன்னா என்ன பண்ணுவாங்க?

பதில்: இத்தாலி எழுத்தாளர் இடாலோ கால்வினோ 1985-86 நார்ட்டன் லெக்சருக்கு ஒத்துக்கிட்டார், அமெரிக்கா கிளம்பற நேரத்துல மூளையில ரத்தக்கசிவு வந்து 1985 செப்டம்பர்ல இறந்துட்டார். ஆறுல அஞ்சு எழுதி முடிச்சிருந்தார், ஆறாவதை அங்க போய் எழுதிக்கலாம்னு விட்டிருந்தாராம். அஞ்சையும் புத்தகமாப் போட்டாங்க, எழுத்து கத்துக்கற பசங்க கையில இன்னிக்கும் அது இருக்கு. முன்கூட்டியே எழுதச் சொல்றதுல இப்படி ஒரு லாபம்.

கேள்வி (மதுரை கல்லூரி மாணவி): எல்லாம் யூடியூப்ல வந்துருதே சார், எதுக்கு ஹால்ல போய் உட்காரணும்?

பதில்: வந்துருதுன்னு யார் சொன்னது? அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1967-68ல அதே நார்ட்டன் மேடையில வந்து பேசினார். கண்ணு கிட்டத்தட்ட போயிருச்சு, குறிப்புன்னு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது, இருந்தாலும் படிக்க முடியாது, ஆறு நாளும் ஹோமர்லேந்து பழைய ஆங்கிலக் கவிதை வரைக்கும் மனப்பாடமா எடுத்து விடறார். எழுதி வெச்சதே இல்லங்கறதால புத்தகமும் வரல. டேப் மட்டும் லைப்ரரியில 30 வருஷத்துக்கும் மேல கிடந்துச்சு, அதை யாரோ தேடிக் கண்டுபிடிச்சு தட்டச்சு பண்ணி 2000ல புத்தகம் ஆச்சு, அவர் செத்து 14 வருஷம் கழிச்சு. அன்னிக்கு ஒருத்தர் அந்த ரெக்கார்டர் பட்டனை அமுக்காம விட்டிருந்தா அவ்வளவுதான்.

அதுக்காக ஸ்க்ரீன்ல பார்க்கறது மட்டம்னும் சொல்லமாட்டேன். 2021ல கொரோனா சமயத்துல அமெரிக்க இசைக்கலைஞர் லாரி ஆண்டர்சன் ஆறு நார்ட்டன் பேச்சையும் ஜூம்லயே குடுத்தாங்க, நம்ம ஆளுங்க மாதிரி "கேக்குதா கேக்குதா"ன்னு கத்தாம, முகத்துக்குப் பின்னாடி ஓடற அந்த பேக்ரவுண்டையே ஒரு கலை நிகழ்ச்சியா மாத்திட்டாங்க. அது வீட்டுல உட்கார்ந்தே பார்க்கலாம், பாரும்மா.

கேள்வி (திருச்சி வாசகர்): மேடையில பேப்பரைப் பார்த்துப் படிக்கிறவங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பேசத் தெரிஞ்சவன் பார்க்காமப் பேசுவான்!

பதில்: பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த காது உங்களுது, எனக்கும் அப்படித்தான். ஆனா அங்க பாதிப் பேருக்கு மேல எழுதிக் கொண்டுவந்துதான் வாசிக்கறாங்க, அது அங்க குறையே இல்ல, ஒவ்வொரு வரிக்கும் நான் பொறுப்புங்கற மாதிரி. வாசிக்கறதுலயே விளையாடினவங்களும் உண்டு. இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1988ல நார்ட்டனுக்கு வந்தப்போ எழுத்தாளர் தோரோ, தத்துவவாதி விட்கென்ஸ்டைன், பேப்பர் செய்தின்னு எல்லாத்தையும் குலுக்கல் முறையில கலைச்சுப் போட்டு, அர்த்தம் ஒட்டாத வரிகளா வாசிச்சுக்கிட்டே போனார். நான் அங்க இருந்திருந்தா பாதியில எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனா புத்தகத்துல ஒரு காரியம் பண்ணியிருக்கார் பாருங்க, செமினார்ல ஜனங்க கேட்ட கேள்வியும் பதிலும் ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் தனியா ஓடுது, மேல புரியலன்னா கீழ படிச்சுக்கலாம்.

இன்னொண்ணு 1997ல, ஹார்வர்ட் இல்ல, பிரின்ஸ்டன். டானர் லெக்சர்ஸ்னு 1978ல ஆரம்பிச்ச இன்னொரு அறக்கட்டளை, பல யூனிவர்சிட்டியில மாறி மாறி நடக்கும். தென்னாப்பிரிக்க நாவலாசிரியர் ஜே.எம். கூட்ஸி வந்தார். எல்லாரும் மிருகங்களைப் பத்தி ஒரு தத்துவப் பேச்சு வரும்னு காத்திருக்க, இவர் ஒரு கதையை எடுத்து வாசிக்கறார், கதையில எலிசபெத் காஸ்டெல்லோன்னு ஒரு வயசான எழுத்தாளரம்மா ஒரு காலேஜுக்குப் போய் மிருகங்களைப் பத்தி லெக்சர் குடுக்கறாங்க! லெக்சருக்குள்ள லெக்சர். "இது உங்க கருத்தா அந்தம்மா கருத்தா?"ன்னு யாராலயும் அவரை மடக்க முடியல. டானர்ல இன்னொரு ஏற்பாடும் உண்டு, பேச்சு முடிஞ்சதும் வேற வேற துறை ஆளுங்க மேடையேறி பதில் சொல்லணும். அன்னிக்குப் பதில் சொன்னவங்கள்ல தத்துவவாதி பீட்டர் சிங்கரும் ஒருத்தர், அவரும் சளைக்காம தன் பதிலைக் கதையாவே எழுதிக் கொண்டுவந்தார்.

கேள்வி (சென்னை வாசகர்): ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு நானும் என்னால முடிஞ்சதைப் போட்டேன். அதுவும் இந்த மாதிரி சொற்பொழிவுதானே?

பதில்: இல்லைங்க, ரெண்டும் வேற. நார்ட்டன் மாதிரி பதவிக்கு வர்றவர் பேசிட்டு ஊருக்குப் போயிருவார். இருக்கைங்கறது நிரந்தர வாத்தியார் வேலை, தெற்காசியவியல் டிபார்ட்மென்ட்ல உட்கார்ந்து பசங்களுக்குப் பாடம் எடுக்கணும், ஆராய்ச்சிக்கு வழிகாட்டணும். அதனாலதான் 60 லட்சம் டாலர் தேவைப்பட்டுச்சு, அதுல தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் குடுத்துச்சு, மீதி உங்களை மாதிரி உலகம் பூரா இருக்கறவங்க போட்டது. பணத்தை எடுத்து செலவு பண்ணமாட்டாங்க, முதலீடு பண்ணி வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம் மட்டும் எடுப்பாங்க, மரத்தை வெட்டாம காயை மட்டும் பறிக்கற கணக்கு. நீங்க போட்டது அங்க அப்படியேதான் இருக்கும், கவலைப்படாதீங்க.

கேள்வி (பேர் ஊர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட ஒரு பேராசிரியர்): எங்க காலேஜ்லயும் ஒரு குடும்பம் அவங்க தாத்தா பேர்ல அறக்கட்டளை வெச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு சொற்பொழிவு. பசங்களை அட்டெண்டன்ஸ் காட்டி மிரட்டி உட்கார வெக்கிறோம், பேசறவர் மைக் பிடிக்கறதுக்குள்ள பாதிப் பேர் தூங்கியாச்சு. ஹார்வர்ட் பணம் எங்ககிட்ட இல்ல. என்ன பண்ணலாம்?

பதில்: பணத்தை விடுங்க சார். 1920கள்ல கல்கத்தா யூனிவர்சிட்டியில துணைவேந்தரா இருந்த அசுதோஷ் முகர்ஜி, இறந்துபோன தன் மக பேர்ல கமலா லெக்சர்ஸ்னு ஒண்ணு வெச்சார். 1926ல அங்க போய்ப் பேசினது யாரு, நம்ம வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, இந்தியக் குடிமகனோட உரிமையும் கடமையும்னு தலைப்பு. வெள்ளைக்காரன் ஆண்டுக்கிட்டிருக்கான், அரசியல் சட்டம்னு ஒண்ணு வர இன்னும் 20 வருஷத்துக்கு மேல இருக்கு, அப்ப ஒரு மனுஷன் நாள்கணக்கா நின்னு குடிமகன்னா யாருன்னு பேசியிருக்கார். அதுவும் புத்தகமா வந்துச்சு. ஹார்வர்ட்ல எலியட் பேசறதுக்கு 6 வருஷம் முன்னாடி இது.

உங்க விழா எப்படி நடக்கும்னு எனக்கு அழைப்பிதழைப் பார்க்காமலே தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை நாலு பேர், எல்லாருக்கும் பொன்னாடை, அப்புறம் "நேரம் கருதி சுருக்கமாக"ன்னு துண்டுச்சீட்டோட பேச்சாளரைக் கூப்பிடுவாங்க, ஆயிரம் மைல் தாண்டி வந்தவருக்கு 25 நிமிஷம். தாத்தா குடுத்த காசு பொன்னாடைக்குப் போயிருச்சு. வாழ்த்துரையை மொத்தமா வெட்டுங்க, அறிமுகத்துக்கு ஒருத்தர் அஞ்சு நிமிஷம் போதும். அந்தக் குடும்பத்துக்கு முதல் வரிசையில மரியாதையா இடம் குடுங்க, அவங்களுக்கு அதுவே திருப்தியா இருக்கும்.

தேதியை ஒரு வருஷம் முன்னாடி குடுங்க, அடுத்த வாரம் வாங்கன்னு கூப்பிட்டா யாரா இருந்தாலும் ஏற்கெனவே பேசினதைத்தான் திரும்பப் பேசுவாங்க. முடிஞ்சா ஒருநாளை மூணு சாயங்காலமா ஆக்குங்க, அதே ஆள், அதே தலைப்பு. முதல் நாள் தூங்கறவன் ரெண்டாம் நாள் வரமாட்டான், நல்லதுதான், வர்ற 40 பேர் போதும். அட்டெண்டன்ஸை எடுத்துருங்க. பேச்சை முன்கூட்டியே எழுதி வாங்கி, வேற டிபார்ட்மென்ட் வாத்தியார் ஒருத்தர்கிட்ட குடுத்து பதில் பேசச் சொல்லுங்க, தமிழ்க்காரர் பேசினா விலங்கியல்காரர் பதில் சொல்லட்டுமே, கூட்டம் முழிச்சிக்கும்.

ரொம்ப முக்கியமா, கேட்ல நிக்கற வாட்ச்மேன்கிட்ட அன்னிக்கு மட்டும் ஐடி கார்டு கேட்காதீங்கன்னு சொல்லி வைங்க. ஊர்ல ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர், கடை வெச்சிருக்கறவர், நாள் தவறாம லைப்ரரி போற அக்கா, இவங்கதான் கேள்வி கேட்பாங்க, உங்க பசங்க இல்ல. பஸ் ஸ்டாண்ட்லயும் நூலகத்துலயும் நோட்டீஸ் ஒட்டுங்க. போன்ல ரெக்கார்ட் பண்றதா இருந்தா மைக் பக்கத்துல வெச்சுப் பண்ணுங்க, கடைசி வரிசையிலேந்து எடுத்தா ஃபேன் சத்தம்தான் வரும், அதையும் ரெண்டு இடத்துல காப்பி போட்டு வைங்க. எழுதி வாங்கினதை அந்த வருஷமே சின்னதா அச்சடிச்சு ஊர் நூலகத்துக்கு ரெண்டு, அந்தக் குடும்பத்துக்கு ஒரு பத்து. அப்படியே எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, படிக்கிறேன்.