சார்சி, நன்னாரி, சார்சாபரில்லா கேப்சூல்: சொரியாசிஸுக்கு உதவுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பல ஆண்டுகளாக முழங்கை, முழங்கால், தலையில் சொரியாசிஸ் இருக்கிறது. சர்க்கரை நோயும் உண்டு. இதயத் துடிப்பு சீராக இல்லை என்று டிஜாக்சினும், ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறார். இப்போது இணையத்தில் சார்சாபரில்லா வேர் கேப்சூல் வாங்கியிருக்கிறார். ரத்தம் சுத்தமாகும், தோல் நோய் போகும், ஆண் ஹார்மோனும் கூடும் என்று விற்றவர் சொன்னாராம். என் மாமியார், “அது நம்ம நன்னாரிதான், தைரியமா குடி” என்கிறார். சார்சி குளிர்பானமும் அதே வேர்தானே என்று ஃபிரிட்ஜ் நிறைய டின் வாங்கி வைத்திருக்கிறார். இதையெல்லாம் கொடுக்கலாமா, டாக்டர்?
வாசகி, கிள்ளான்

பதில்: அன்புள்ள சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஜாக்சின் சாப்பிடும் உங்கள் கணவர் அந்தக் கேப்சூலை இன்றே நிறுத்த வேண்டும். டிஜாக்சினில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சார்சாபரில்லா வேரில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள்கள் நிறைய உண்டு. அவை குடலிலிருந்து டிஜாக்சின் அதிகமாக ரத்தத்தில் ஏறும்படி செய்யலாம் என்பதால் இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் படர்தல், நாடி மெதுவாக அடித்தல், தலைசுற்றல் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கேப்சூல் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சரி, இனி உங்கள் மாமியார் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சார்சாபரில்லா என்பது மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் ஸ்மைலாக்ஸ் இனத்து முள்கொடிகளின் வேர். நன்னாரி எருக்கஞ்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி. தாவர வகையில் இரண்டுக்கும் உறவே இல்லை. இந்தியாவில் வேலை பார்த்த பிரிட்டிஷ் மருத்துவர்கள், தங்கள் ஊரில் விலை கொடுத்து வாங்கிய அமெரிக்க வேருக்குப் பதிலாக நன்னாரியைப் பயன்படுத்தலாம் என்று கண்டு அதை ‘இந்திய சார்சாபரில்லா’ என்றார்கள். 1864இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் அது இடம்பெற்றது. அந்தப் பெயர்தான் இன்றுவரை நம்மைக் குழப்புகிறது.

அந்த அமெரிக்க வேரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கணவரிடம் கேப்சூலை விற்றவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் இந்த வேரைக் கப்பலில் செவில் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது ஐரோப்பாவைச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் உலுக்கிக்கொண்டிருந்தது. செவில் மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டஸ் அந்த நோய்க்கு இந்த வேரைப் பரிந்துரைத்து எழுதினார். ஹோண்டுராஸ் வேர், வேராகுருஸ் வேர் என்று துறைமுகங்களின் பெயரிலும் நாடுகளின் பெயரிலும் அது விற்பனையானது. மிக உயர்ந்தது என்று பேர் வாங்கிய ‘ஜமைக்கா சார்சாபரில்லா’ உண்மையில் ஜமைக்காவில் விளைந்ததே அல்ல. மத்திய அமெரிக்காவில் தோண்டிய வேர் ஜமைக்கா வழியாக லண்டன் போனதால் அந்தப் பெயர் வந்தது.

இதே காலத்தில் போர்த்துகீசியர்கள் சீனாவிலிருந்து இன்னொரு ஸ்மைலாக்ஸ் கிழங்கைக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1563இல் கோவாவில் அச்சான நூலில் போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா அதைப் பற்றி எழுதியிருக்கிறார். சித்த மருத்துவர்கள் தோல் நோய்க்கு இன்றும் கொடுக்கும் பறங்கிப்பட்டை அதுதான். ஆக, சார்சாபரில்லாவுக்கு நெருங்கிய சொந்தம் பறங்கிப்பட்டையே தவிர நன்னாரி அல்ல. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நிச்சயம் ஆர்வமாகக் கேட்பார்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுக்க நம்பிய இந்த வேர் சிபிலிஸைக் குணப்படுத்தியதா? இல்லை. அப்படியானால் அத்தனை பேர் எப்படி நம்பினார்கள்? சிபிலிஸின் முதல் புண் எந்த மருந்தும் இல்லாமலே மூன்று முதல் ஆறு வாரங்களில் ஆறிவிடும். பிறகு உடம்பெல்லாம் தடிப்பு வரும், அதுவும் தானாக மறையும். அதன்பின் நோய் பல ஆண்டுகள் பதுங்கியிருந்து இதயத்தையும் மூளையையும் தாக்கும். புண் ஆறும் நேரத்தில் யார் எந்தக் கஷாயத்தைக் குடித்தாலும் பேர் அந்தக் கஷாயத்துக்குத்தான் போகும். அன்றைக்கு வழக்கமான மருந்து பாதரசம். பல் உதிர்ந்து, வாயெல்லாம் புண்ணாகி அவதிப்பட்டவர்கள், கெடுதல் செய்யாத ஒரு வேரை விரும்பியதில் வியப்பில்லை.

19ஆம் நூற்றாண்டில் இது பெரும் வணிகமானது. அமெரிக்காவின் லோவல் நகரத்திலிருந்து மட்டும் ஏயர்ஸ், ஹூட்ஸ் என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் ‘ரத்தத்தைச் சுத்தப்படுத்தும்’ சார்சாபரில்லா பாட்டில்களை உலகெங்கும் அனுப்பின. அவற்றில் சாராயமும் இருந்தது. ஏயர்ஸ் மருந்தில் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்திருந்தார்கள். முற்றிய சிபிலிஸ் கட்டிகளைக் கரைக்கும் சக்தி அயோடைடுக்கு உண்மையிலேயே உண்டு. அந்தக் கட்டிகள் கரைந்திருந்தால் வேலை செய்தது அயோடைடு, புகழ் வாங்கியது வேர். 1820 முதல் பல பத்தாண்டுகள் அமெரிக்க மருந்து நூலிலும் சார்சாபரில்லா இருந்தது. 1910இல் சிபிலிஸுக்கான சால்வர்சான் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. 1943இல் பெனிசிலின் சிபிலிஸைக் குணப்படுத்திக் காட்டியபின் கேள்விக்கே இடமில்லாமல் போனது.

சொரியாசிஸும் இப்படி ஏறி இறங்கும் நோய்தான் என்பதால்தான் இவ்வளவும் சொன்னேன். மனஉளைச்சல், தொண்டைத் தொற்று, மது இவற்றால் கூடும், சில மாதம் தானாக அடங்கும். அடங்கும் நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துக்கு நன்றி சொல்லத் தோன்றும். அப்புறம் ‘ரத்தத்தில் அழுக்கு’ என்ற பேச்சு. சொரியாசிஸ் அழுக்கால் வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தூண்டப்பட்டு, தோல் செல்கள் வளர வேண்டிய வேகத்தைவிடப் பலமடங்கு வேகமாக வளர்வதால் வருகிறது. கழுவிக் களைய அங்கே எதுவும் இல்லை.

ஆராய்ச்சியே நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1942இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், சார்சாபரில்லா சப்போனின் கொடுத்த சொரியாசிஸ் நோயாளிகள் பலருக்கு முன்னேற்றம் தெரிந்ததாக ஒரு கட்டுரை வந்தது. குடல் நுண்ணுயிர்களின் நச்சை அது பிடித்துக்கொள்கிறது என்பது அவர்களின் விளக்கம். சுவையான கருத்துதான். ஆனால் எண்பது ஆண்டுகள் கடந்தும் அதை உறுதிசெய்யும் பெரிய ஆய்வு வரவில்லை. அந்த ஒரு கட்டுரையை வைத்து உங்கள் கணவருக்கு நான் மருந்து எழுத மாட்டேன். நன்னாரியிலும் எலிகளை வைத்து நிறைய ஆய்வுகள் உண்டு. 1990களில் கொல்கத்தா ஆய்வாளர்கள் நன்னாரி வேரிலிருந்து பிரித்த ஒரு பொருள் விலங்குகளில் விரியன் நஞ்சைத் தணித்ததைக் காட்டினார்கள். மதிப்புள்ள வேலை. அதற்காகப் பாம்பு கடித்தவருக்கு யாரும் நன்னாரி கொடுத்துவிடாதீர்கள், விஷமுறிவு ஊசி மட்டுமே காப்பாற்றும்.

ஆண் ஹார்மோன் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பேச்சு பிறந்த இடம் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வுக்கூடம். சார்சாபரில்லாவிலுள்ள சார்சசாப்போஜெனினை வைத்து, தாவரப் பொருளை ஹார்மோனாக மாற்றும் வழியை அவர் 1930களின் இறுதியில் கண்டுபிடித்தார். பிறகு மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைத் தயாரித்தார். அந்த மாற்றத்துக்குக் கடுமையான அமிலங்களும் அதிக வெப்பமும் வேண்டியிருந்தன. நம் உடலில் அதைச் செய்யும் நொதி கிடையாது. ஆகவே வேரைத் தின்றால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அதிகரிக்காது. நம் நாட்டுச் சந்தையில் ஆண்மைக்கு என்று விற்கும் ஊபி ஜாகாவும் ஒரு ஸ்மைலாக்ஸ் கிழங்கே. அதற்கும் இதே பதில்தான். சர்க்கரை நோயுள்ள ஆண்களுக்குத் தாம்பத்தியக் குறை வருவது சகஜம். அதுதான் உள்ளூர அவரை உறுத்துகிறது என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் பேசட்டும், நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. ஆனால் இதய நோய் இருப்பதால் அந்த மாத்திரைகளையும் தானாக வாங்கக் கூடாது.

சார்சி டின்னில் மருந்து என்று நினைக்க எதுவும் இல்லை. லேபிளில் 100 மில்லிக்கு 8 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 325 மில்லி டின்னில் 26 கிராம் ஆகிறது. சர்க்கரை நோயாளிக்கு இது வேண்டாம். நன்னாரி சர்பத்திலும் பாகில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். கடைகளில் நன்னாரி என்று மாகாளிக்கிழங்கும் விற்கிறது. மணம் இரண்டிலும் ஒன்றே. வெனிலாவின் மணப்பொருளுக்கு மிக நெருங்கிய ஒரு பொருள் இரண்டு வேரிலும் இருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் நன்னாரி வேரைத் தட்டி, நடு நரம்பை எடுத்துவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பதில் தவறில்லை. உங்கள் கணவர் மட்டும் டிஜாக்சின் நிற்கும்வரை மூலிகை எதையும் இதய மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பறங்கிப்பட்டைச் சூரணத்துக்கும் இது பொருந்தும்.

அந்தக் கேப்சூல் டப்பாவில் இன்னொன்றையும் பாருங்கள். மலேசியாவில் முறையாகப் பதிவான மூலிகை மருந்தில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி டி (T) என்று முடியும் எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்கும். இவை இல்லாத ‘மூலிகை’ மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே போனால் சொரியாசிஸ் சட்டென்று மறையும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்கு உடலெங்கும் சீழ்க்கொப்புளமாகவே வரும். சர்க்கரையும் எகிறும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் நிறுத்திய கையோடு டாக்டரிடம் காட்டுங்கள். சோர்வு, வாந்தி, மயக்கம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

நான் உங்களிடம் மிகவும் கேட்க விரும்புவது அந்த ‘இன்னொரு மாத்திரை’யின் பெயரை. மெட்டோபிரோலால், அட்டினோலால், புரோபிரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகை சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடும். இதய நோயாளி அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து, எனவே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை அட்டையை இதய மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் காட்டி, மாற்று உண்டா என்று கேளுங்கள். தோலுக்குக் கால்சிபோட்ரியால் களிம்பும் புறஊதா ஒளி சிகிச்சையும் அவருக்குப் பொருந்தலாம். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எழுதினால், சர்க்கரை நோய் இருப்பதால் ஈரலையும் சிறுநீரகத்தையும் முன்கூட்டியே பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.