டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கினால் பழைய பிரேக்கர் தாங்குமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் ஓ.இ. மில் (ஓப்பன் எண்ட் நூற்பாலை) நடத்துகிறேனுங்க. 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 500 போடுகிறோம். மெயின் பிரேக்கர் புதிதாக வாங்கியாச்சு. பழைய மெஷின்களுக்குப் போகிற 10 கிலோ ஆம்பியர் பிரேக்கர்களையும் மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீசியன். அந்த மெஷின்களில் லோடு அப்படியேதானுங்களே இருக்கு?

பதில்: எலக்ட்ரீசியன் சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்காது. 10 கிலோ ஆம்பியர் என்பது லோடு அளவு அல்ல; ஷார்ட் சர்க்யூட் ஆனால் பிரேக்கர் வெட்டக்கூடிய அதிகபட்சக் கரண்ட்.

வாய்க்கால் கரை உடைந்தால் உங்கள் வயலுக்கு வேண்டிய அளவா தண்ணீர் வரும்? மேலே மதகில் விட்ட அளவு வரும். ஷார்ட் சர்க்யூட்டும் அப்படித்தான். அந்த நேரத்துக் கரண்டைத் தீர்மானிப்பது டிரான்ஸ்ஃபார்மர், மெஷின் அல்ல.

டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் (கரண்டுக்குக் காட்டும் தடை) சதவீதம் இருக்கும். 4.5 என்று வைத்துக்கொள்வோம். 433 வோல்ட்டில் 250 கே.வி.ஏ.வின் முழு லோடு 333 ஆம்பியர். அதை 0.045-ஆல் வகுத்தால் ஃபால்ட் கரண்ட், அதாவது ஷார்ட் சர்க்யூட்டில் பாயும் கரண்ட், சுமார் 7,400 ஆம்பியர். பழைய பிரேக்கருக்கு அது அடங்கியது. 500-க்கு 667 ஆம்பியர், வகுத்தால் 14,800. ஈ.பி. லைனின் இம்பீடன்ஸ் இதைக் கொஞ்சம் குறைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் முதல் சில சைக்கிள்களில் (ஒரு சைக்கிள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு) தம் பங்கைச் சேர்க்கும். அதனால் 16 கிலோ ஆம்பியரில் கணக்கை ஒட்டிப் போகாதீர்கள், 25 வாங்குங்கள். அந்த எண் 415 வோல்ட்டுக்கு உரியதா என்று பாருங்கள். பிரேக்கரில் ஐ.சி.யு. (வெட்டக்கூடிய உச்ச அளவு), ஐ.சி.எஸ். என்ற இரண்டு எண்களும் சமமாக இருப்பது நல்லது. ஐ.சி.எஸ். அளவு வரை ஃபால்ட்டை வெட்டிய பிறகும் பிரேக்கர் வேலைக்கு ஆகும்.

திறன் போதாத பிரேக்கர் உள்ளே எழும் ஆர்க்கை (மின்தீப்பொறியை) அணைக்க முடியாமல் வெடிக்கும். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் அதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

மெயின் பேனலிலேயே இருக்கும் 10 கிலோ ஆம்பியர் பிரேக்கர்களை எல்லாம் மாற்றுங்கள். தூரத்து ஷெட்டில் இருப்பவை தப்பலாம். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில் 30 மீட்டர் கடந்தால் 14,800 என்பது 6,500 அளவுக்கு இறங்கிவிடும். கேபிள் நீளத்தையும் அளவையும் குறித்துக்கொடுத்து, ஒவ்வொரு போர்டுக்கும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பேனலுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரை மறந்துவிடுவார்கள். ஃபால்ட் கரண்ட் இரட்டிப்பானால் பஸ்பார்களுக்கு இடையே விசை நான்கு மடங்கு. தாங்கும் சப்போர்ட்டுகள் போதுமா என்று பேனல் செய்தவரிடம் கேளுங்கள்.

ஜெனரேட்டரில் ஓடும்போது நிலைமை தலைகீழ், ஃபால்ட் கரண்ட் குறைவு. 250 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முதல் நொடிப்பொழுதில் இரண்டரை, மூன்று கிலோ ஆம்பியர் தரும்; பிறகு ஏறக்குறைய ஆயிரத்துக்கு வந்துவிடும். 800 ஆம்பியர் மெயின் பிரேக்கரின் உடனடி டிரிப்பைப் (தாமதமின்றி வெட்டும் அளவை) பத்து மடங்கில் வைத்திருந்தால் அது 8,000 ஆம்பியருக்குக் காத்திருக்கும்; ஜெனரேட்டரால் அவ்வளவு தர முடியாது, அதனால் உடனே வெட்டாது. ஜெனரேட்டருக்கென்று தனிப் பிரேக்கர் வைத்து, அதன் செட்டிங்கைக் குறைத்து வையுங்கள்.