புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஒரே வாரத்தில் செத்துப்போவது ஏன்?

தண்ணீர் பளிங்குபோல இருந்தும் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன என்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியும் தெளிவை நம்பாதீர்கள். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா ஓயாமல் வருகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் கொடிய நஞ்சு. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியாக்களே இல்லை.

ஆகவே முதலில் வளர்க்க வேண்டியது மீனை அல்ல, அந்த பாக்டீரியாவை. குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தீவனம் அழுகி அம்மோனியா தரும். தண்ணீரைச் சோதிக்கும் திரவத்தில் பார்த்தால் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட். இரண்டும் பூஜ்யமாக 4 முதல் 6 வாரம் ஆகலாம்.

குறுக்குவழி ஒன்று உண்டு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரின் ஸ்பாஞ்சை உங்கள் ஃபில்டர்மேல் பிழியுங்கள். காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வழியும் அந்த அழுக்கில்தான் பாக்டீரியா இருக்கிறது. அதனால்தான் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக்கூடாது, குளோரின் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

இரண்டும் பூஜ்யமான பிறகும் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் பை பையாக அள்ளிவந்துவிடாதீர்கள். 50 லிட்டருக்கு முதலில் நான்கு கப்பி மீன்கள் போதும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.