கிராண்ட் லாட்ஜுக்கு மேலே யார்? – கடிதம்

வணக்கம் சார்,

போன கட்டுரையில் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தார் பற்றிப் பேசும்போது “அவர்களுக்கு உலகத் தலைமை என்று ஒன்று கிடையாது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் பார்த்த காணொளிகள் எல்லாம் நேர்மாறாகச் சொல்கின்றன. 33ஆவது பட்டம் வாங்கிய சிலர் எங்கோ உட்கார்ந்து எல்லா நாட்டு லாட்ஜுகளையும் நடத்துவதாகவும், ஆட் ஃபெலோஸ், நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் போன்றவையும் அதன் கிளைகள் என்றும் சொல்கிறார்கள். இந்தச் சங்கங்களில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்? நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது? இன்னொன்று, என் மைத்துனருக்கு வாட்ஸப்பில் “உறுப்பினராகுங்கள்” என்று ஓர் அழைப்பு வந்திருக்கிறது. நுழைவுக் கட்டணமும் கேட்கிறார்கள். கட்டலாமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

காணொளி எடுப்பவருக்கு ஒரு பிரமிடு வேண்டும், உச்சியில் ஒரு கண் வேண்டும். அது இல்லாவிட்டால் பத்து நிமிடம் ஓட்ட முடியாது. உள்ளே இருப்பதோ துணைவிதி, சந்தா பாக்கி, மினிட்ஸ் புத்தகம், அப்புறம் யார் யாரை அங்கீகரிப்பது என்று நூறு வருடமாக நடக்கும் சண்டை. எனக்கு அந்தச் சண்டைதான் சுவாரசியம்.

லாட்ஜ் என்றதும் நமக்கு ரூம் போடும் இடம் ஞாபகம் வருகிறது. இங்கே லாட்ஜ் என்றால் கட்டடம் அல்ல, ஆட்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒருவரை மாஸ்டராக, அதாவது தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கு அடுத்த நிலையில் இரண்டு வார்டன்கள், செயலாளர், பொருளாளர் என்று வரிசையாகப் பதவிகள், கதவுக்கு வெளியே உருவிய வாளோடு காவல் நிற்க டைலர் என்று ஒருவர். இங்கிலாந்தில் மாஸ்டரையும் பொருளாளரையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், வார்டன்களை மாஸ்டரே நியமிப்பார். அமெரிக்காவில் பொதுவாக வார்டன்களுக்கும் ஓட்டு உண்டு. சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் வார்டனாக இருந்தவர்தான் மாஸ்டராக முடியும் என்பதால் இங்கிலாந்தில் அந்த நியமனத்திலேயே அடுத்த தேர்தல் பாதி முடிந்துவிடுகிறது.

புதியவரைச் சேர்ப்பதும் வாக்கெடுப்புதான். ஒரு மரப்பெட்டி வரும். அதற்குள் வெள்ளை உருண்டைகளும் கருப்பு உருண்டைகளும் இருக்கும். கையை உள்ளே விட்டு ஒன்றை எடுத்துப் பெட்டியின் இன்னொரு தடுப்பில் போட வேண்டும், எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. கடைசியில் மாஸ்டர் இழுப்பறையைத் திறந்து பார்ப்பார். இங்கிலாந்தின் பொது விதிப்படி மூன்று கருப்பு விழுந்தால் ஆள் வெளியே, ஒன்றோ இரண்டோ போதும் என்று லாட்ஜ் தன் துணைவிதியில் கடுமையாக்கிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இது ஜனநாயகமாகத் தெரியவில்லை, ஆனால் இருபது பேர் மாதாமாதம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டிய இடத்தில் ஏன் இப்படி வைத்தார்கள் என்பது புரிகிறது.

இனி மேலே போவோம். ஒரு லாட்ஜ் தானாக முளைக்க முடியாது, அதற்கு ஒரு கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளுக்கு மேலான தலைமைச் சங்கம், சாசனம் தர வேண்டும். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் கூடி முதல் கிராண்ட் லாட்ஜை உண்டாக்கின என்பது அவர்களே சொல்லும் கதை. 1721தான் சரி என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அயர்லாந்தில் 1725இல் ஒன்று இருந்தது, ஸ்காட்லாந்தில் 1736இல் ஒன்று வந்தது. இரண்டும் லண்டனைக் கேட்டுக்கொண்டு தொடங்கியவை அல்ல. ஆக உங்கள் பிரமிடுக்கு ஆரம்பத்திலேயே மூன்று உச்சி.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. அவ்வளவு பெரிய நாட்டுக்குத் தேசிய கிராண்ட் லாட்ஜே கிடையாது. 50 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் தனித்தனியாக 51. பெரும்பாலானவற்றில் தலைவரான கிராண்ட் மாஸ்டர் ஒரு வருடம் இருந்துவிட்டு இறங்கிவிடுவார். இங்கிலாந்தில் 1967இல் பொறுப்புக்கு வந்த, அரச குடும்பத்தைச் சேர்ந்த கென்ட் டியூக்கின் காலம் அரை நூற்றாண்டைத் தாண்டியது, மாகாணத் தலைவர்களையும் கிராண்ட் மாஸ்டர்தான் நியமிக்கிறார். ஒரு பக்கம் மாநில அரசியல் மாதிரி, இன்னொரு பக்கம் அரசவை மாதிரி. ஸ்வீடனில் கிறிஸ்தவராக இருந்தால்தான் சேர முடியும், அரசர் புரவலர். 1811இல் அங்கே அரசர் பதிமூன்றாம் சார்ல்ஸ் மேசன்களுக்கென்றே ஓர் அரசு விருதை உண்டாக்கினார். அயர்லாந்துத் தீவு இரண்டாகப் பிரிந்து நூறு வருடம் ஆகிறது, அங்கே கிராண்ட் லாட்ஜ் இன்னும் ஒன்றுதான். இந்தியாவில் ஆங்கிலேய, ஐரிஷ், ஸ்காட்டிஷ் லாட்ஜுகள் மூன்று சாசனங்களில் தனித்தனியாக இயங்கிவந்தன. 1961இல் இந்தியாவுக்கென்று கிராண்ட் லாட்ஜ் வந்தபோது மாறுவதும் மாறாததும் அந்தந்த லாட்ஜின் விருப்பம் என்று விட்டார்கள். மாறாமல் பழைய சாசனத்திலேயே தொடர்ந்தவையும் உண்டு.

அந்த 33ஐயும் முடித்துவிடுகிறேன். பட்டம் என்றால் சடங்கு செய்து ஏறும் படி. 33 என்பது ஸ்காட்டிஷ் ரைட் என்ற தனி அமைப்பின் பட்டம், அதன் முதல் உச்ச மன்றம் 1801இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் தொடங்கியது. லாட்ஜில் இருப்பது மூன்றே பட்டம். மூன்றாவது பட்டக்காரர் கிராண்ட் மாஸ்டராகலாம், 33 வாங்கியவருக்கும் தன் லாட்ஜில் ஒரே ஒரு உருண்டைதான்.

சரி, இத்தனை சுதந்திர ராஜ்யங்களைச் சேர்த்துக் கட்டுவது எது? அங்கீகாரம். நான் உன்னை ஒப்புக்கொண்டால் உன் ஆட்கள் என் லாட்ஜுக்கு வரலாம், இல்லாவிட்டால் கதவு மூடியிருக்கும். 1877இல் பிரான்சின் தலைமைச் சங்கமான கிராண்ட் ஓரியண்ட், கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை என்று தன் விதியைத் திருத்தியது. லண்டன் உறவை முறித்தது. இன்றுவரை ஒட்டவில்லை. அதனால் கிராண்ட் ஓரியண்ட் மூழ்கிவிட்டதா என்றால் இல்லை, தன் ஆண்டுப் பேரவையைக் கூட்டிக்கொண்டு நன்றாகவே நடக்கிறது. 1893இல் பாரிஸில் ஆண்களும் பெண்களும் சேர்ந்த அமைப்பு ஒன்று கிளம்பியது, அதை 1902இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட். லண்டன் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

இதே அங்கீகாரத்தை எப்படி ஆயுதமாக்கலாம் என்பதற்கு பிரின்ஸ் ஹால் கதைதான் சாட்சி. பிரின்ஸ் ஹால் பாஸ்டனைச் சேர்ந்த கருப்பினத்தவர். 1775இல் அவரும் வேறு 14 பேரும் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றில் இருந்த ஐரிஷ் லாட்ஜில் சேர்ந்தார்கள். பிறகு லண்டனுக்கு எழுதிச் சாசனம் கேட்டார், 1784 தேதியிட்ட அந்தச் சாசனம் கைக்கு வந்துசேர 1787 ஆகிவிட்டது. அவர் வழிவந்த லாட்ஜுகளை வெள்ளையர் கிராண்ட் லாட்ஜுகள் ஏற்கவில்லை. ‘ஒரு மாநிலத்தில் ஒரு கிராண்ட் லாட்ஜுக்குத்தான் இடம்’ என்ற எல்லைக் கொள்கையைக் காட்டினார்கள். காகிதத்தில் அது நிர்வாக விதி, உள்ளே இருந்தது நிறவெறி. 1989இல் கனெக்டிகட் முதலில் ஒப்புக்கொண்டது, பிறகு ஒவ்வொன்றாக மற்ற மாநிலங்கள் வந்தன, தெற்கில் சில இன்னும் இழுத்தடிக்கின்றன. எல்லாரும் சகோதரர் என்பதை முதல் பாடமாகச் சொல்லும் சங்கத்தில் இது.

மற்ற சங்கங்கள் கிளைகள் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபை 1738லேயே மேசன்களைத் தடை செய்துவிட்டது. நைட்ஸ் ஆஃப் கொலம்பஸை 1882இல் நியூ ஹேவனில் தொடங்கியவரோ மைக்கேல் மெக்கிவ்னி என்ற கத்தோலிக்கப் பாதிரியார். சம்பாதிக்கிற ஆண் செத்தால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பதுதான் அவருடைய கவலை. இங்கேதான் நிர்வாகத்தின் உருவமே மாறுகிறது, ஏனென்றால் உள்ளே பணம் வருகிறது. 1868இல் பென்சில்வேனியாவில் அப்சர்ச் என்பவர் தொடங்கிய தொழிலாளர் சங்கம் ஒன்றில் கணக்கு ரொம்ப எளிது: ஓர் உறுப்பினர் இறந்தால் ஆளுக்கு ஒரு டாலர் போட்டு விதவைக்குக் கொடுப்பது. எல்லாரும் இளைஞர்களாக இருந்தவரை ஜோராக ஓடியது. வயது ஏற ஏறச் சாவு கூடியது, மாதம் ஒரு டாலர் மூன்று நான்கானது, இளையவர்கள் புதிதாய்த் தொடங்கிய வேறு சங்கங்களைத் தேடிப்போனார்கள், மிச்சமிருந்த கிழவர்கள் தலையில் முழுப் பாரமும் விழுந்தது. இப்படிப் பல சங்கங்கள் கவிழ்ந்த பிறகுதான் வயதுக்கு ஏற்ற கட்டணம், கையிருப்பு நிதி, அரசின் காப்பீட்டு மேற்பார்வை எல்லாம் வந்தன. காப்பீடு தரும் சங்கத்தில் அதிகாரம் மையத்துக்குப் போவதில் ஆச்சரியமில்லை. நைட்ஸ் ஆஃப் கொலம்பஸில் உள்ளூர் மன்றம், மாநில மன்றம், அதற்கு மேல் உச்ச மன்றம். அங்கே உங்கள் பிரமிடு உண்டு, அதன் உச்சியில் இருப்பது பாலிசிக் கணக்கு!

சட்டமும் தன் பங்குக்குச் செதுக்கியிருக்கிறது. பிரிட்டனில் ரகசியப் பிரமாணம் எடுக்கும் சங்கங்களை 1799இல் தடை செய்தபோது, உறுப்பினர் பட்டியலை ஆண்டுதோறும் அரசிடம் கொடுக்கிறோம் என்று மேசன்கள் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். ரகசியச் சங்கம் என்று பேர், பட்டியல் அரசாங்க அலமாரியில். 1834இல் டால்பட்டில் என்ற கிராமத்துக் கூலி விவசாயிகள் ஆறு பேர் சங்கம் வைக்கப் பிரமாணம் எடுத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள், அவர்களுக்கு எந்த விலக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலோ காப்பீடு தரும் சகோதர சங்கம் வரிவிலக்கு வாங்க வேண்டுமானால் ‘லாட்ஜ் முறையில்’ இயங்க வேண்டும் என்று வரிச் சட்டமே சொல்கிறது. அதாவது தலைமைச் சங்கமும் அதற்குக் கீழே தன்னைத்தானே நிர்வகிக்கும் கிளைகளும் இருக்க வேண்டும். சடங்குக்காக வந்த அமைப்பு முறை இப்போது வரிக்காகவும் தேவைப்படுகிறது.

மேற்கை மட்டும் வைத்து இதைப் பேசக்கூடாது என்பதற்காக ஒன்று. 1330களில் அனத்தோலியா, அதாவது இன்றைய துருக்கிப் பக்கம் போன பயணி இபின் பதூதாவை, கந்தல் மாதிரி உடுத்திய ஒருவன் விருந்துக்கு அழைத்தான். இவனா நமக்குச் சோறு போடப்போகிறான் என்று அவருக்குச் சந்தேகம். பார்த்தால் அவன் செருப்புத் தைக்கிறவன், சுமார் 200 கைவினைஞர்கள் தேர்ந்தெடுத்த தலைவன், அவர்கள் பாஷையில் ‘அகி’. பகலெல்லாம் உழைத்து, பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அன்றைய வருமானத்தைக் கொண்டுவந்து அவனிடம் கொடுப்பார்கள், அதில் பழமும் சாப்பாடும் வாங்கப்படும். வழிப்போக்கன் வந்தால் அவனுக்கு விருந்து, யாரும் வராவிட்டால் தாங்களே சாப்பிட்டுவிட்டுப் பாட்டும் ஆட்டமும். ஊருக்கு ஊர் இப்படி அகிகள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மேலே சாசனம் கொடுக்க யாருமில்லை.

உங்கள் மைத்துனர் விஷயம். இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் லாட்ஜுக்குச் சாசனம் கொடுத்தது யார், நான் கட்டும் பணம் யார் கணக்கில் ஏறும்? முறையான லாட்ஜ் என்றால் அங்கே ஏற்கெனவே இருக்கும் இரண்டு பேர் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும், நேரில் கூப்பிட்டுப் பேசுவார்கள், பிறகு அந்தப் பெட்டி சுற்றி வரும். மாதக்கணக்கில் ஆகும். முகம் தெரியாத ஆள் வாட்ஸப்பில் செல்வமும் செல்வாக்கும் தருகிறேன், இன்றைக்கே பணம் அனுப்பு என்றால் அந்த எண்ணை பிளாக் செய்துவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டார் என்றால் முதல் வேலையாக வங்கிக்குப் போகச் சொல்லுங்கள்.