மூன்று வேளைத் தண்ணீரும் கருகும் இலையும் – கடிதம், பதில்

வணக்கம்.

கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் வீடு. மொட்டைமாடியில் 12 அங்குல குரோ பேக் முப்பது வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், அவரை, வெண்டை, கொத்தமல்லி, கொஞ்சம் பூச்செடிகள். மழைக்குப் பிந்தைய மாதங்களில் எல்லாம் காய்த்துத் தள்ளின. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கெடுகிறது. இலை ஓரம் காய்கிறது, தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது, மிளகாய் இலை சுருள்கிறது. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பைக்கு ஒரு குவளை தண்ணீர் விடுகிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வீணாக்க வேண்டாமே என்று ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரையும் சேர்த்துக்கொள்கிறேன். சத்துக் குறைவாக இருக்குமோ என்று என்.பி.கே. (தழை, மணி, சாம்பல் சத்து) உரத்தை இரண்டு மடங்காக்கினேன். பயனில்லை. நிழல்வலை கட்டலாமா, எத்தனை சதவீதம் வாங்குவது? இல்லை, கோடையில் தோட்டத்தையே மூடிவிட வேண்டியதுதானா?

ஒரு மாடித்தோட்டக்காரர்

அன்புள்ள நண்பருக்கு,

மூட வேண்டாம். உரத்தை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். நிழல்வலை இரண்டாவது வேலை. முதல் வேலை தண்ணீர்.

இலையின் நடு பச்சையாகவே இருக்க, நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பேறிக் காய்கிறது என்றால், அதுவும் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்குகிறது என்றால், பெரும்பாலும் அது உப்பு. வெயில் சுட்ட இலையின் அடையாளம் வேறு. வெயில் நேராக விழும் பக்கத்து இலைகளில், இலையின் நடுவிலேயே வெளுத்த திட்டு விழுந்து சருகாகும். உங்கள் பைகளின் உள்விளிம்பில் மண்ணுக்குச் சற்று மேலே வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கடலோரத்தில் நிலத்தடி நீர் கோடையில் இறங்க இறங்க, கடல்நீர் உள்ளே நகர்ந்து கிணற்றைத் தொடுகிறது. மழைக்குப் பின் 600 டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) காட்டிய கிணறு கோடை உச்சியில் அதைப்போல் இரண்டு பங்கு காட்டலாம். ஆர்.ஓ. கருவி செய்வது, அந்த உப்பைக் குடிதண்ணீரிலிருந்து பிரித்துக் கழிவுநீரில் தள்ளுவது. ஆக, கழிவுநீர் உங்கள் கிணற்றைவிடக் கரிப்பு. மாடி கழுவ அது போதும், செடிக்கு வேண்டாம். போதாக்குறைக்கு ரசாயன உரமும் வேதியியல் கணக்கில் உப்புதான். அதையும் இரட்டித்திருக்கிறீர்கள்.

இதில் கெடுதலை முடித்து வைப்பது அந்த ஒரு குவளைக் கணக்கு. ஒரு குவளை தண்ணீர் பையின் மேல்மண்ணை மட்டும் நனைக்கும். செடி தண்ணீரை உறிஞ்சும், வெயில் மீதியை ஆவியாக்கும், உப்பு அங்கேயே தங்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவை இதையே செய்தால் வேர்ப்பகுதியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் போனால், ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். வாடுவதைப் பார்த்து இன்னொரு குவளை ஊற்றுவோம்.

ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். பேனா அளவுக் கருவி போதும். தண்ணீர் 500க்குள் இருந்தால் கவலையில்லை. 500 முதல் 1000 வரை, வடிகால் நன்றாக இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அவரை, பீன்ஸ் வகைகளும் வெங்காயமும் முதலில் அடிவாங்கும். வெண்டையும் கத்தரியும் வெயிலைத் தாங்குமே தவிர உப்பைத் தாங்குவதில் கெட்டிக்காரர்கள் அல்ல. தக்காளி அவற்றைவிடப் பரவாயில்லை. 2000ஐத் தாண்டினால் பருப்புக்கீரை, பீட்ரூட், அரளி, போகன்வில்லா மாதிரி சிலவற்றை மட்டும் நம்பலாம்.

இப்போது பைகளில் ஏறியிருக்கும் உப்பைக் கழுவி இறக்க வேண்டும். முதலில் அடித்துளைகளைக் குச்சியால் குத்திப் பாருங்கள், வேர் அடைத்திருக்கும். 12 அங்குலப் பையின் கொள்ளளவு ஏறக்குறைய 20 லிட்டர். அதைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை, அதிகாலையில் நான்கைந்து தடவையாக, ஒவ்வொரு தடவையும் வடிந்த பிறகு அடுத்ததாக ஊற்றுங்கள். இருப்பதிலேயே உப்புக் குறைந்த தண்ணீர் இதற்கு வேண்டும். அடியில் ஒரு கிண்ணத்தில் வடிநீரைப் பிடித்து மீட்டரை வையுங்கள். முதலில் வருவது ஊற்றியதைப்போல் இரண்டு மூன்று பங்கு காட்டும். ஊற்றுகிற நீரின் எண்ணுக்கு அருகில் அது வந்ததும் நிறுத்திவிடலாம். நாளைக்கு நான்கு பை என்று வைத்துக்கொண்டால் எட்டு நாளில் முடிந்துவிடும். வடிந்த நீரைப் பிடித்து மறுபடி ஊற்றாதீர்கள். தட்டு வைத்திருந்தால் அதைக் கவிழ்த்துவிடுங்கள்.

அதன்பின் ஒரே வேளை, முழுமையாக. ஊற்றியதில் ஆறில் ஒரு பங்காவது அடியில் வெளியே வர வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் அன்றன்றைய உப்பை எடுத்துப் போகிறது. காய்க்கும் நிலையிலுள்ள செடிக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் பிடிக்கும். இலைமேல் தெளிக்க வேண்டாம். கரிப்புத் தண்ணீர் என்றால் இலையே நேராக உப்பை உறிஞ்சிக் கருகும். வீட்டில் ஏ.சி. ஓடுகிறது என்றால் அதன் குழாயை ஒரு குடத்தில் விடுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது, உப்பே இருக்காது. கடலோரக் காற்றுக்கு ஓர் இரவில் பல லிட்டர் சேரும். அவரையும் நாற்றுகளும் இருக்கும் பைகளுக்கு அதை ஒதுக்குங்கள்.

ரப்பர் குழாயில் விடுபவர்கள் கவனிக்கத் தவறுகிற ஒன்று: வெயிலில் கிடந்த குழாய்க்குள் தங்கியிருக்கும் முதல் இரண்டு மூன்று லிட்டர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதைத் தரையில் விட்டுவிட்டு, தண்ணீர் குளிர்ந்த பிறகு பைக்குக் கொண்டுபோங்கள். மாடியிலுள்ள கறுப்புத் தொட்டியின் நீர் மாலை வரை சூடாகத்தான் வரும். அதிகாலை நல்லது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதியம் இலை தொங்கினால் பதறாதீர்கள். வேர் அனுப்பும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடும்போது செடி அப்படித் தொங்கவிட்டுக்கொள்கிறது. மாலையில் நிமிர்ந்தால் நலம். காலை ஆறு மணிக்கே தொங்கினால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். ஈரமாக இருந்து அழுகல் வாடை அடித்தால் வேரழுகல். அந்தச் செடி பிழைப்பது அபூர்வம்.

எல்லா நாளும் ஒரே அளவு என்பதும் கடலோரத்துக்கு ஒத்துவராது. கடற்காற்று முற்பகலிலேயே உள்ளே வந்துவிட்டால் வெப்பம் அதற்கு மேல் ஏறுவதில்லை, காற்றில் ஈரம் நிறைகிறது, பை மெதுவாகத்தான் காயும். எதிர்த்து வீசும் நிலக்காற்று வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்று பிற்பகல்வரை நுழைய முடியாது. மண்டை பிளக்கும் வெயில் என்கிறோமே, அது பெரும்பாலும் இந்த நாள்தான். காய்ந்த காற்று செடியைப் பிழிந்தெடுக்கும். அன்றைக்கு மாலை, தரை சூடு ஆறிய பிறகு இன்னொரு முறை விடுங்கள். ஈரக்காற்று நாளில் அதே இரண்டாம் தடவை வேரை அழுக வைக்கும்.

தக்காளிக்கு வருவோம். உங்கள் செடி பூ உதிர்ப்பதற்குச் சத்துக் குறைவு காரணமில்லை. பகல் 35 டிகிரியை ஒட்டியும் இரவு 24 டிகிரிக்குக் குறையாமலும் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். உள்நாட்டில் பகல் இன்னும் கடுமையாக இருந்தாலும் இரவு குளிரும். கடல் பகலில் வாங்கிய சூட்டை விடாமல் வைத்திருப்பதால் நமக்கு அந்த ஓய்வு இல்லை. போதாததற்கு ஈரக்காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது. உரமும் ஹார்மோன் தெளிப்பும் இரவைக் குளிர்விக்கப் போவதில்லை. காய்த்து ஓய்ந்த செடியைப் பிடுங்கிவிடுங்கள். செர்ரி தக்காளி இருந்தால் மட்டும் வைத்திருக்கலாம், அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கொத்தமல்லியையும் விட்டுவிடுங்கள். 30 டிகிரிக்கு மேல் முளைப்பு குறையும். முளைத்ததும் இலை விடாமல் பூவுக்குப் போகும்.

நிழல்வலை: 50 சதவீதம், அதாவது பாதி வெயிலைத் தடுப்பது, வாங்குங்கள், காய்கறிக்கு அதற்கு மேல் தேவையில்லை. 75 சதவீதம் பெரணிக்கும் ஆர்க்கிட்டுக்கும். பச்சையைவிட வெள்ளை நல்லது, சூட்டைத் திருப்பி அனுப்பும். எட்டடி உயரமாவது வேண்டும். தலை இடிக்கும் உயரத்தில் கட்டினால் சூடு அடியிலேயே தங்கும், ஈரக்காற்று நகராமல் சாம்பல் நோய் வரும். கடற்காற்று வரும் பக்கத்தைத் திறந்து விட்டு, மாலை வெயில் விழும் மேற்குப் பக்கத்தில் திரைபோல ஒரு துண்டைத் தொங்கவிடுங்கள். வலையின் கண்ணியில் நேராகக் கயிறு கட்டினால் முதல் பலத்த காற்றில் கிழியும். ஓரத்தை இரண்டாக மடித்து, அதற்குள் நைலான் கயிற்றை நீளவாக்கில் கோத்து, அந்தக் கயிற்றைக் கம்பத்தில் கட்டுங்கள்.

வலை மேலிருந்து வரும் சூட்டுக்கு மட்டும்தான். கான்கிரீட் தளத்தின் சூடு பையின் அடி வழியே வேருக்கு ஏறும். ஒவ்வொரு பைக்கும் இரண்டு செங்கல், நடுவில் இடைவெளி விட்டு. பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழும். மேற்கு வரிசைப் பைகளுக்குக் கோணி சுற்றுங்கள். மேலே காய்ந்த இலை மூடாக்கு இரண்டு அங்குலம், தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். கொழுந்தை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டிப் பார்த்தால் இலைப்பேன் ஊர்வது தெரியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். அதை முதலில் 2 மில்லி சோப்புக் கரைசலோடு குழைத்த பிறகே தண்ணீரில் கலக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் மேலே மிதந்து இலையில் திட்டுத்திட்டாக விழும். வெயில் சாய்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். பகலில் அடித்தால் பேனுக்கு முன் இலை போய்விடும்.

காலியாகும் பைகளில் முளைக்கீரை விதையுங்கள், மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். தண்ணீர் 1000க்குள் இருந்தால் வெண்டையைத் தொடருங்கள். கொடிவகையில் இறங்கினால் கோடையின் நீண்ட பகலுக்கு ஆண் பூ மிகுந்து பெண் பூ குறையும். இருக்கிற பெண் பூவையாவது கையால் மகரந்தம் தொட்டுக் காப்பாற்ற வேண்டும். பாகலுக்கும் வெள்ளரிக்கும் காலையில். பீர்க்கும் சுரையும் மாலையில்தான் விரியும், காலையில் தேடிப் போனால் வாடியதைத்தான் பார்ப்பீர்கள்.

எல்லாப் பையையும் நிரப்பியாக வேண்டும் என்றில்லை. நான்கைந்து பையின் பழைய மண்கலவையைத் தளத்தில் அரையடி உயரத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களில் செங்கல் வையுங்கள். கறுப்புத் தாள் சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்குக் குறைவாகவே போகும். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேரழுகல் பூஞ்சையும் நூற்புழுவும் களைவிதையும் பெருமளவு அழியும். உப்பு இதில் போகாது. அதனால் கழுவி இறக்கிய கலவையை மட்டும் மூடுங்கள். திறந்ததும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கலந்தால் அடுத்த தக்காளி நாற்றுக்கு மண் தயார். மழை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது நாற்றுத் தட்டில் விதை போட்டுவிடுங்கள், தட்டு வலைக்கு அடியில் இருக்கட்டும்.

மீட்டர் வந்ததும் கிணற்று நீரின் எண்ணையும் முதல் பையின் வடிநீர் எண்ணையும் எழுதுங்கள். அவரையை வைத்துக்கொள்வதா பிடுங்குவதா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.